கோழிக்கோட்டிலிருந்து ஒரு மலிவு டிக்கெட்

ஜெனி,

நீ சொல்கிற ஊரில்தான் இருக்கிறாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீளமாக இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடுவாய். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். நாலு பேர் உனக்கு அனுப்பி, "உங்கப்பா எழுதினதாமே" என்று கேட்டால் படித்துத்தானே ஆக வேண்டும். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றக் கிளம்புகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். உபதேசம் என்று நினைக்காதே. உபதேசம் செய்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. உனக்கு இருபத்திரண்டு, எனக்கு முப்பத்தாறு. இதைப் படித்துப் புருவத்தைத் தூக்குகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: உன் அப்பா இறந்து சில வருடங்கள் கழித்து, உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, நான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் என்னைவிட மூத்தவள். அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கிடையாது.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிறவன் நான். கொதிகலனின் சூடு இவ்வளவு என்று மீட்டர் காட்டினால் மற்றவர்கள் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அந்த மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்தப் புத்தியோடு உங்கள் வீட்டுக்குள் வந்தபோது, என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி ஒருத்தி அங்கே பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். சர்ச்சில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள், இந்தப் பையனுக்கு நர்ஸ் அம்மா சம்பளத்தின் மேல் கண் என்று. நீ அப்படி முணுமுணுக்கவில்லை. ஆலையின் நம்பரைத் தேடிப் பிடித்து நேராக மெயின் கேட்டுக்கே போன் போட்டுவிட்டாய். "இந்தப் பேர்ல ஒருத்தர் அங்க நிஜமா வேலை செய்றாரா? இல்ல சும்னெ சொல்றாரா?" செக்யூரிட்டி அதை எங்கள் டிபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. விசாரிக்கிற வீடு நல்ல வீடு என்றுதான் தோன்றியது. ஆகவே உன் பயணத்தை நான் விசாரித்தபோது நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நியாயமே இல்லை.

ஏழு நாடு என்று ஆரம்பித்தாய். மலேசியா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, கஜகஸ்தான், ஜார்ஜியா, ஆர்மீனியா. ஏழு நாட்டுக்கும் தனித்தனி விமானம் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆகல்ல பா, லோன்தான் எடுக்கணும்" என்று வந்து நின்றாய். ஆசைப்படுகிற ஊர்களை ஆசைப்படுகிற வரிசையில் அடுக்கினால் அப்படித்தான் வரும். விலை குறைந்த விமானங்கள் சில பெரிய ஊர்களில்தான் வந்து குவிகின்றன. முதலில் அந்த ஊர்களைப் பிடி. உள்ளே நுழைகிற இடம், நடுவில் தாண்டுகிற இடம், திரும்புகிற இடம், இவற்றை மட்டும் விமானத்தால் இணை. மிச்சத்தை பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விடு. போன வழியிலேயே திரும்பி வராதே. வியட்நாமிலிருந்து லாவோஸ், லாவோஸிலிருந்து தாய்லாந்து, இதெல்லாம் தரை வழி. அங்கிருந்து ஒரே தாவல் கஜகஸ்தானுக்கு. நீ போக நினைக்கும் வாரத்தில் அந்த நாட்டில் பண்டிகை விடுமுறை வருகிறதா என்று பார். வந்தால் தள்ளிப்போடு. 'இன்னும் இரண்டே சீட்' என்று சிவப்பில் மிரட்டுகிற தளத்தை அடுத்த நாளும் போய்ப் பார். அந்த இரண்டு சீட் அங்கேயேதான் இருக்கும். அடிக்கடி தேடினால் விலையை ஏற்றிவிடுவான் என்று உன் சிநேகிதிகள் சொன்னார்கள். நம்பாமல் ஒரு சின்ன நிரல் எழுதி, இரண்டு மாதம் விலையைப் பதிவு செய்தேன். என் கண்ணுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. அதற்காக அவர்களை நம்பச் சொல்லவில்லை. வேறு ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்.

மலிவு டிக்கெட்டில் எதையெல்லாம் கழித்துவிட்டு அந்த விலையைப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டி கிடையாது, சாப்பாடு கிடையாது, கைப்பையையும் நிறுத்துப் பார்ப்பான். அதற்காகத்தான் ஆலையிலிருந்து தொங்கு தராசை எடுத்துவந்து உன் பையை வாசல் நிலையில் மாட்டினேன். உன் அம்மா, "புள்ளையையும் சேத்து மாட்டுங்க, எடை எறங்குதான்னு வந்தப்புறம் பாக்கலாம்" என்றாள். நீ ஒரு ஜோடி செருப்பையும் இரண்டு புத்தகங்களையும் எடுத்து வெளியே வைத்தாய். சரி.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத ஒன்று, முதல் டிக்கெட். பெங்களூரை விடக் கோழிக்கோட்டிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவு என்று உன் ஹாஸ்டல் தோழி அனகா கண்டுபிடித்தாள். அவள் வீடு கோழிக்கோடு. மலிவு என்பது உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் இரண்டு பேருக்கும் அவளே அவளுடைய லாகினில், அவளுடைய மெயிலில் போட்டாள். "உன் டிக்கெட் உன் கையில இல்ல. அவ கேன்சல் பண்ணா பணம் அவளுக்குப் போகும், நேரம் மாறுனா தகவல் அவளுக்குப் போகும்" என்றேன். "அவ அப்படிலாம் செய்ய மாட்டா பா." செய்ய மாட்டாள் என்பது தகவல் இல்லை, ஆசை. அதற்கு மறுநாள் கோலாலம்பூரிலிருந்து ஹனோய்க்கு இன்னொரு டிக்கெட், வேறு கம்பெனியில். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் முதல் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. தனித்தனியாக வாங்கினால் உனக்கு நீதான் பொறுப்பு. கோழிக்கோட்டைத் தவறவிட்டால் ஹனோயும் போயிற்று. அதன்பின் அன்றைய விலைக்குப் புதிதாக வாங்க வேண்டும். அந்த விலைக்கு, நீ இரண்டு வருடச் சம்பளத்தில் கஜகஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் ஒதுக்கி வைத்ததைத்தான் கொடுத்தாக வேண்டும். ஒரு விமானம் தவறினால் ஏழு நாடு நாலாகிவிடும். இதை நான் சொல்லிச் சொல்லி நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

மைசூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிருந்து கோழிக்கோடு போக குண்டலுபேட்டை தாண்டிக் காட்டுக்குள் புக வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை காருக்கும் லாரிக்கும் அந்தச் சாலை கிடையாது. மிருகங்கள் நடமாட விட்டுவிடுவார்கள். உன் விமானம் வியாழன் மாலை. அதிகாலையில் கிளம்பி, காட்டு முகப்பில் உள்ள சோதனைச் சாவடியின் கேட் திறக்கும்போது அங்கே நிற்பது, மதியத்துக்குள் விமான நிலையம். இதுதான் திட்டம். புதன் காலை, அனகா ஒரு படத்தை அனுப்பினாள். விமான நேரம் மாறிவிட்டது, வியாழன் விடிகாலை புறப்படும், ஒப்புக்கொள்ள இந்த இணைப்பை அழுத்தவும். கீழே ஒரு வரி: 'ஜெனி இது பாரு, நான் டிரெயின்ல இருக்கேன், சிக்னல் இல்ல.' நீ என்னிடம் காட்டினாய். நான் அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஃப்ராடு. தொடாதே" என்றேன்.

இப்போதும் சொல்கிறேன், அது பார்ப்பதற்கு ஃப்ராடு மாதிரியேதான் இருந்தது. அவசரம், இணைப்பு, அழுத்து என்கிற கட்டளை. எல்லா லட்சணமும் இருந்தது. சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் ஆலையில் ஒரு மீட்டர் தாறுமாறாகக் காட்டினால் நான் என்ன செய்வேன்? அதைக் கழற்றி எறிய மாட்டேன். பக்கத்தில் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்ப்பேன். விமானக் கம்பெனியின் தளத்துக்கு நாமாகவே போய் டிக்கெட் எண்ணைத் தட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. தட்டவில்லை. சந்தேகப்பட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டேன். மற்ற பிள்ளைகள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்: சந்தேகம் வந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

மாலையில் நான் ஷூவைக் கழற்றும்போது அனகாவின் போன். ஸ்பீக்கரில் போட்டாய். "ஜெனி, எவிடெ இருக்க? குண்டலுபேட்டை தாண்டியாச்சா?" நீ, "இல்லடீ, நாளைக்குத்தானே" என்றாய். "நாளைக்குக் காலைலயாக்கும் ஃபிளைட்! படம் பாத்தில்லே?" நீ என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் அம்மா ஷிப்ட் முடிந்து வந்த சீருடையோடு பையைத் தூக்கினாள். "ஆய்த்து, பேச்சு போதும், கெளம்புங்க." கணக்குப் போட்டேன். உடனே கிளம்பினால் ஒன்பதுக்கு முன்பே கேட்டைத் தாண்டிவிடலாம்.

உடனே கிளம்பினோமா? வெளியூர் போகிற யாரையும் ஜெபம் பண்ணாமல் வாசல் தாண்ட விடுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மறுநாள் அதிகாலை வருவதாக இருந்த தேவசகாயம் அங்கிளுக்கு உன் அம்மா போன் போட்டுவிட்டாள். சர்ச் மூப்பர். ஸ்கூட்டரில் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார், கண்ணை மூடினார். "மலேசியா தேசத்திலே உம்முடைய மகளுக்கு முன்னே நடந்துபோம் ஆண்டவரே" என்று தொடங்கி, அங்கே சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, போக்குவரத்துக்கு, அதிகாரிகளின் மனதுக்கு என்று ஒவ்வொன்றாக வேண்டினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அடுத்து எது பாப்பா?" என்றார். "வியட்நாம் அங்கிள்." மறுபடி கண்ணை மூடி, சாப்பாடு, தண்ணீர், போக்குவரத்து, அதிகாரிகள். நான் தொண்டையைச் செருமினேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். லாவோஸ் போனார், தாய்லாந்து போனார். கஜகஸ்தான் வாயில் நுழையாமல் மூன்று முறை முயன்று, "அந்தக் குளிர்ந்த தேசத்திலே" என்று சமாளித்தார். ஆர்மீனியாவில் கிறிஸ்தவர்கள் உண்டு என்று நீ சொல்லித் தொலைத்தாய். அதற்குத் தனியாக ஒரு ஸ்தோத்திரம். "அங்கிள், கேட்டை மூடிருவான்" என்றேன் நான். அவர் கண்ணைத் திறக்காமலே, "திறக்கிறவர் அவர், தம்பி" என்றார்.

நாம் மூவரும் காரில் போய்ச் சேர்ந்தபோது தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. ஒன்பது தாண்டி நாலைந்து நிமிடம்கூட இருக்காது. நமக்கு முன்னால் போன ஒரு காரின் சிவப்பு விளக்கு காட்டுக்குள் மறைவது தெரிந்தது. காவலரிடம் கன்னடத்தில் கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். என் தமிழ் வாடை அவருக்குத் தெரிந்துவிட்டது. "நானும் தமிழ்தானுங்க, ராமாபுரம். தமிழ்லயே திட்டுங்க, பரவால்ல. ஆனா வுட முடியாதுங்க" என்றார். விமானம், விடிகாலை, தனித்தனி டிக்கெட் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யானைக்கு ஃபிளைட் டைம் தெரியாதுங்களே" என்றார். அப்புறம்தான் டார்ச்சை நம் பக்கம் திருப்பினார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பெரிய பை, சின்னப் பெண், பக்கத்தில் நான். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு நீங்க யாருங்க?"

"அப்பா."

"உங்களப் பாத்தா அப்பா மாதிரி இல்லையே. கண்ணு, நீ சொல்லு. இவர் யாரு?"

நீ அப்போது என்ன சொன்னாய் என்று இங்கே எல்லோருக்கும் தெரியட்டும். "தெரியலீங்க. காலைலேர்ந்து கூடவே வர்றாரு" என்றாய். அந்த மனிதர் என் சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டார். காரிலிருந்து உன் அம்மா இறங்கி உன் முதுகில் ஒன்று வைத்து, "வெளையாடுற நேரமாடி இது?" என்று கத்திய பிறகுதான் அவர் டார்ச்சை இறக்கினார். பயணம் முழுவதையும் நான் கவிழ்த்துவிட்ட அந்த நேரத்தில், உனக்கு அழ வேண்டும் என்று தோன்றவில்லை. என்னைப் பழிவாங்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் ஆலைக்குப் போன் போட்டவள்தானே என்றுதான் நினைத்தேன்.

வழி சொன்னதும் அந்தக் காவலர்தான். இரவில் அனுமதி உள்ள அரசு பஸ்கள் சில உண்டு, கோழிக்கோட்டுக்கு ஒன்று பின்னால் வருகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் வந்தது. கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே நிற்கவே இடமில்லை. "ஒரு ஆள்னா ஏறட்டே. மூணு ஆளுக்கு இடம் இல்லா சாரே." நான் உன் பையை என் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போறேன், அதாவது நானும் கூட..." என்று என்னென்னமோ உளறினேன். நான் போய் என்ன செய்வேன், விமானத்தில் ஏறுவேனா? பஸ் நம்பரைப் படம் எடுத்தேன். கண்டக்டரின் பெயரைக் கேட்டேன், எந்த டிப்போ என்று கேட்டேன், வழியில் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் உன் அம்மாவைப் பார்த்து, "சாருக்கு டிக்கெட் வேணுமா, பஸ்ஸே வேணுமா?" என்றார். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். நீ என் தோளிலிருந்து பையைக் கழற்றினாய். "பா, பஸ் ஸ்டாண்டுக்கு அனகா வந்துருவா. சும்னெ இருங்க. நீங்க வந்தா அவளையும் விசாரிப்பீங்க." ஏறிவிட்டாய். உன் அம்மா பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கட்டை உயர்ந்தது, பஸ் போயிற்று, கட்டை இறங்கியது.

பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அனகாவின் லாகின் எந்த மெயில், எந்த வங்கி அட்டையில் பணம் கட்டினாள், கேன்சல் செய்தால் எத்தனை நாளில் திரும்ப வரும், எல்லாம் கேட்டு வைத்திருந்தேன். அவள் போன் நம்பரை வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் இல்லை. பெயர் தெரியாத ஒரு கண்டக்டரிடமும் (கடைசிவரை அவர் சொல்லவே இல்லை) ஒரு லாகினிடமும் உன்னை அனுப்பியிருக்கிறேன். காட்டுக்குள் உனக்கு சிக்னல் போயிற்று. அதற்குப் பிறகு உன் போன் அணைந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. "சார்ஜ் போடச் சொன்னேன், கேட்டாளா" என்று உன் அம்மா அலுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சீருடையை மாற்றிப் படுத்தவள் தூங்கியும் போனாள். வருடக்கணக்காக வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது வருகிறது. எனக்கு வராது.

வெளிச்சம் வரும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. 'பா, உள்ள வந்துட்டோம். என் போன் செத்துப்போச்சு. இது அனகாவோடது. ரெண்டு பேருக்கும் ஜன்னல் சீட். டென்ஷன் பேடா.'

இதைப் படிக்கிற எல்லா அப்பாக்களையும் கேட்கிறேன். போன் போய்விட்டது, இது வேறொருவர் எண், கவலைப்படாதே. இதைவிடப் பழைய ஃப்ராடு உண்டா? அடுத்த செய்தியில் பணம் கேட்பார்கள். காத்திருந்தேன். வரவில்லை. ஒரே பதிவில் இரண்டு பேருக்கும் ஜன்னல் சீட் எப்படி? முன்னும் பின்னுமாகக் கொடுத்திருப்பானா? பெயர் காட்டுகிற செயலியில் அந்த எண்ணைத் தேடினேன், எதுவும் காட்டவில்லை. உன் அம்மா எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "கூப்புட்டுப் பாருங்களேன், உங்க மனசுக்கு" என்றாள். ஒரு போன். உன் குரல் கேட்டால் முடிந்தது விஷயம். இன்னொரு மீட்டரை வைத்துப் பார் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

நான் கூப்பிடவில்லை. காரணம் கேட்காதே, பொறியியலில் அதற்குக் காரணம் கிடையாது. மற்ற பிள்ளைகள் இந்த இடத்தில் என்னைப் பின்பற்ற வேண்டாம். 'சரி மா. போயிட்டு வா' என்று தட்டினேன். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே அனுப்பினேன்.

— பா